கையால் அடித்தால் ஓடுது, கிரானில் போட்டால் ஓடல: எஸ்எஸ்ஹெச் தானியங்கிக் கட்டளைகள்

டெஸ்க்டாப்பிலிருந்து சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்யும் வழி) கட்டளைகளை, கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல்) மூலம் நேரம் குறித்து ஓட்டும் ஏற்பாடு, ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் மாதக்கணக்கில் கை வைக்கவே வேண்டாம். அமையும் வரைதான் பாடு. பழி பெரும்பாலும் நெட்வொர்க் மேல் விழும். கோளாறோ கிரானின் வெறுமையான சூழலில் இருக்கும்: டெர்மினலில் தானாகக் கிடைக்கும் அமைப்பு மாறிகள் பல அங்கே இருக்காது.

டெர்மினலில் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் சாவி ஃபைல்) வேலை செய்வதற்குக் காரணம், லாகின் செய்ததும் ஏஜென்ட் என்ற துணை நிரல் அதன் பாஸ்ஃபிரேஸைக் (கீயைப் பூட்டும் ரகசியச் சொல்) கொண்டு அதைத் திறந்து வைத்திருப்பது. கிரானுக்கு அந்த ஏஜென்ட் இருக்கும் இடமே தெரியாது. ராத்திரி வரை காத்திருக்காமல் சோதிக்க, கட்டளைக்கு முன்னால், சூழல் மாறிகளை எல்லாம் துடைத்துவிடும் 'என்வி -ஐ' சேர்த்து, ஹோம் மாறியை மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். பெரும்பாலான கோளாறு அங்கேயே தெரிந்துவிடும். தீர்வு, இந்த ஒரு வேலைக்கென பாஸ்ஃபிரேஸ் இல்லாத தனி கீ. அது பயமாக இருந்தால் (இருக்கத்தான் வேண்டும்), சர்வரின் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலில் (அனுமதித்த கீகளின் பட்டியல்) அந்தக் கீயின் வரிக்கு முன், மற்ற வசதிகளைத் தடுக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' போட்டு, ஓட வேண்டிய கட்டளையையும் அங்கேயே பூட்டிவிடுங்கள்.

டெஸ்க்டாப்பின் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைலில் பேட்ச்மோட் 'யெஸ்', கனெக்ட்டைம்அவுட் 10 (நொடி), ஐடென்டிட்டீஸ்ஒன்லி 'யெஸ்' மூன்றும் கட்டாயம். முதலாவது இருந்தால் பாஸ்வேர்டு கேட்டுத் தொங்காமல் உடனே தோற்கும். மூன்றாவது இல்லையென்றால், கையால் ஓட்டிச் சோதிக்கும்போது ஏஜென்ட்டில் உள்ள கீகளை எல்லாம் ஒவ்வொன்றாக நீட்டி, சர்வரின் இயல்பு வரம்பான 6 முயற்சிகளைத் தாண்டி வெளியே தள்ளப்படும்.

தோற்றால் முதலில் எக்ஸிட் கோடை (கட்டளை முடியும்போது விட்டுச் செல்லும் எண்) பாருங்கள். 255 என்றால் அநேகமாக இணைப்போ அனுமதியோ. 127 என்றால் இணைப்பு சரி, சர்வரில் அந்தக் கட்டளை அகப்படவில்லை. முழுப் பாதை கொடுத்தால் தீரும். அனுமதி மறுப்புக்கு டெஸ்க்டாப் பக்கம் விவரம் காட்டும் '-வி' போட்டுப் பார்ப்பதைவிட சர்வர் லாக் தெளிவாகப் பேசும். எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு அனுமதி எண் 700, கீ ஃபைலுக்கு 600 (இரண்டுமே உரிமையாளருக்கு மட்டும்) என்று எல்லோரும் வைத்துவிடுகிறார்கள். சர்வரில் ஹோம் ஃபோல்டர் 775 ஆக (குழுவினரும் எழுதலாம்) இருந்தாலும் சர்வர் கீயை ஏற்காது என்பதுதான் கண்ணில் படாமல் போகும்.

இன்னொரு தலைவலி: பத்து சர்வர் பெயர்கள் உள்ள ஃபைலை 'வைல் ரீட்' சுழலில் (வரி வரியாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் கட்டளையை ஓட்டுவது) படித்தால் முதல் சர்வரில் மட்டும் ஓடி, பிழையே காட்டாமல் முடியும். மீதி ஒன்பது பெயர்களையும் எஸ்எஸ்ஹெச் தனக்கான உள்ளீடு என்று விழுங்கிவிடுகிறது. எஸ்எஸ்ஹெச்சுக்கு '-என்' (சிறிய n) போட்டால் பத்திலும் ஓடும்.

லாக் பெயரில் தேதி சேர்க்க % போட்டிருந்தால், கிரான் முதல் % குறியோடு கட்டளையை வெட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் \ வேண்டும். சர்வரில் பின்னணியில் விடும் வேலைக்கு, இணைப்பு போனாலும் வேலையை ஓடவிடும் 'நோஹப்' மட்டும் போதாது. உள்ளீடு, வெளியீடு, பிழை மூன்றையும் 'டெவ் நல்' (எதையும் விழுங்கும் வெற்று ஃபைல்) பக்கமோ ஃபைலுக்கோ திருப்பாவிட்டால் இணைப்பு மூடாமல் தொங்கும்.

சர்வரை மறுநிறுவல் செய்தால் ஹோஸ்ட் கீ (சர்வர் தன்னை அடையாளம் காட்டும் கீ) மாறும், அதனால் இணைப்பு மறுக்கப்படும். சரிபார்ப்பையே அணைத்து வைப்பது சோம்பேறி வேலை. பழைய பதிவை 'எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஆர்' (பெரிய R) கொண்டு நீக்கி, புதுக் கீயின் கைரேகையை (அதன் சுருக்க அடையாளம்) ஒப்பிட்டு, ஒருமுறை கையால் இணைத்தால் மறுநாள் கிரான் வழக்கம்போல் ஓடும்.