பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கக் கொடுக்கிறீர்களா? பழைய இன்ஜினை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், அதிலும் பெட்ரோல் வண்டியை டீசலுக்கு மாற்றலாம் என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டிருப்பவர்கள், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுசாகப் படித்துவிடுங்கள். கோவைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் ஜீப்பை வைத்து என்னென்ன செய்தார்கள் என்பதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்கிறார். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, செய்த விதம் தெரிந்தால் எந்த ஊர்க் கடையிலும் உஷாராக இருந்துகொள்ளலாம்.

வண்டி சிஜே 3பி, அப்பா காலத்தது. எங்களுக்குப் போடி, மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம், நானே பார்த்துக்கொள்வதுதான். அமெரிக்காவில் வில்லீஸ் இந்த மாடலை 1953-ல் ஆரம்பித்து 1968-லேயே நிறுத்திவிட்டது, இங்கே மகேந்திரா அதன் பிறகும் ரொம்ப காலம் செய்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பது ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், 2.2 லிட்டர், இன்டேக் வால்வு தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கின் பக்கவாட்டிலும் இருக்கும் பழைய டிசைன். அருமையான இன்ஜின்தான், ஆனால் போடிமெட்டு மலை ஏறி இறங்கினால் லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. பெட்ரோல் நூறைத் தாண்டிய பிறகு அது கட்டுப்படியாகிற வேலையா?

பேசியது இதுதான். விபத்தில் அடிபட்ட பொலேரோவின் 2.5 லிட்டர் டிஐ டர்போ இன்ஜின், முழு ஓவர்ஹால் வேலை செய்தது, கிராங்க் ஷாஃப்ட் ஸ்டாண்டர்ட் சைஸ், அதாவது ஒருமுறைகூட அரைக்காதது. அதோடு கேஎம்டி 90 என்ற நாலு கியர் பெட்டி, முன் பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரித்துக் கொடுக்கும் பழைய டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்துப் பொருத்தித் தருவது. ரேடியேட்டர், மவுண்டிங், ஷாஃப்ட் வேலை எல்லாம் உள்ளடக்கம். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சி புக்கில் ஏற்றித் தருவதும் அவர்கள் பொறுப்பு. மொத்தம் 1,85,000 ரூபாய். பழைய இன்ஜினைப் பெட்டியோடு எனக்கே திருப்பித் தந்துவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன், வாட்ஸ்அப்பில் கடைக்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜிலேயே "உங்க பழசு உங்களுக்குத்தானுங்ணா, நாங்க வெச்சு என்ன பண்ணப்போறோம்" என்று இருக்கிறது. நல்லவேளை அதை அழிக்கவில்லை.

வண்டி தயார் என்று கூப்பிட்டார்கள். ஓட்டிப் பார்த்தேன், சும்மா சொல்லக்கூடாது, சீறிக்கொண்டு போனது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் கறுப்புப் புகை, ஆனால் இழுவை பயங்கரம். "டர்போ சூடாகிறப்ப அப்படித்தானுங்ணா" என்றார். இங்கேதான் முதல் தில்லுமுல்லு. தேய்ந்துபோன டீசல் இன்ஜினைப் புதுசு போலக் காட்ட வேண்டுமென்றால் டீசல் பம்ப்பில் இருக்கும் ஸ்குரூவைத் திருப்பி டீசலைக் கூடுதலாக விட்டால் போதும், கம்ப்ரஷன் போனதெல்லாம் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. கூடவே கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டால் சத்தமும் அடங்கிவிடும். ஆனால் அந்தக் கூடுதல் டீசல் எரிகிற சூடு எங்கே போகும்? பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும்தான். பம்ப் ஷாப்பில் பெஞ்சில் ஏற்றி அளவு வைத்த பம்ப்பு என்றால் அந்த ஸ்குரூவில் கம்பி கோர்த்து ஈய சீல் அடித்திருக்கும். என் வண்டியில் கம்பியின் முனை மட்டும் நறுக்கிவிட்டது போல நீட்டிக்கொண்டிருந்தது.

பழைய இன்ஜின் எங்கே என்று கேட்டேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்ணா, பையன் தெரியாம ஏத்திவிட்டுட்டான், எட்டாயிரம் கழிச்சுக்கிறேன்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை. அன்றைக்கே பெரிய வாக்குவாதம் ஆனது, கடைசியில் தேடி எடுத்துத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார், பாக்கிப் பணத்தில் முப்பதாயிரத்தை நான் பிடித்துவைத்துக்கொண்டேன்.

வண்டி மெட்டு ஏறியது, இரண்டாவது வாரமே வேஷம் கலைந்துவிட்டது. டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போகிறது, பார்த்தால் ரேடியேட்டர் பழைய பெட்ரோல் ரேடியேட்டரேதான், கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். மூக்கு தாழ்ந்து நிற்கிறது, ஏனென்றால் டீசல் இன்ஜினின் கூடுதல் எடைக்கு முன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு லீஃப்கூடச் சேர்க்கவில்லை. நாற்பதைத் தாண்டினால் கால் வைக்கும் இடமெல்லாம் அதிர்கிறது. கியர் பெட்டி நீளம் கூடினால் பின் ஷாஃப்டை வெட்டிக் குறைக்க வேண்டும், முன் ஷாஃப்டை நீட்ட வேண்டும், வெல்டிங் முடிந்ததும் பேலன்ஸ் போட வேண்டும். இவர்கள் வெட்டி ஒட்டியதோடு சரி.

வேகம் இன்னொரு கூத்து. பெட்ரோல் ஜீப்பின் கிரவுன் பினியன் ரேஷியோ, அதாவது ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கர விகிதம், 5.38. அந்தப் பெட்ரோல் இன்ஜின் 4,000 சுற்று வரைக்கும் போகும், அதனால் அது சரி. இந்த டீசலுக்கு 3,200 சுற்றிலேயே முழு பவர், அதற்கு மேல் கத்தல்தான் மிச்சம். பழைய ரேஷியோவிலேயே விட்டால் எண்பதில் இன்ஜின் கழுத்து வரை வந்துவிடும். 4.88 மாதிரி ரேஷியோவுக்கு மாற்றினால் கொஞ்சம் மூச்சு விடும், அதையும் முன்னும் பின்னும் இரண்டு ஆக்ஸிலிலும் ஒரே அளவாக மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீலில் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் காலி. இதைப் பற்றி அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. மாற்று வேலையில் பாதிக்கு மேல் இன்ஜினைச் சுற்றி இருக்கும் இந்தச் சாமான்களில்தான் இருக்கிறது. கொட்டேஷனில் இன்ஜின் விலை மட்டும் பெரிதாக எழுதி மற்றதை 'ஃபிட்டிங்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால், அந்த ஒரே சொல்லுக்குள்தான் உங்களுக்கு ஆப்பு இருக்கிறது.

தேனியில் ஒரு பெரியவர், டீசல் வேலையிலேயே தலை நரைத்தவர். அவரிடம் கொண்டுபோய் விட்டேன். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று மேலே வந்தது, ஆயில் துளித்துளியாகச் சட்டையில் தெறித்தது. "தம்பி, ரிங்கு எப்பவோ முடிஞ்சு போச்சு, இது வேலை செஞ்ச இன்ஜின் இல்ல, பெயின்ட் அடிச்ச இன்ஜின்" என்றார். அப்புறம் இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினார். மெயின் பேரிங் ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, பின்பக்கம் திருப்பி என் கையில் வைத்தார். 030 என்று குத்தியிருக்கிறது. கிராங்க்கை ஏற்கெனவே முப்பது தௌ (ஒரு தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைக்கும் அரைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எனக்குச் சொல்லி விற்றது ஸ்டாண்டர்ட். பொலேரோவில் இருந்து வந்ததா, மூட்டை ஏற்றியே உழைத்துத் தேய்ந்த பிக்கப்பில் இருந்து வந்ததா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

சரி, இது பணத்தோடு போகும் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர் பிளாக்கில் நம்பர் இருக்கும் இடத்தில் தின்னரைத் தொட்டுத் தேய்த்தார், பெயின்ட் உரிந்தது. அடியில் குறுக்கும் நெடுக்குமாக அரம் ராவிய கோடுகள், அதன் மேல் குத்திய எண்கள், ஒரு எட்டு மற்ற எண்களை விட உயரமாக, லேசாகச் சாய்ந்து நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் கொடுத்த பில் நகலில் இருக்கும் நம்பரோ வேறு. அது எந்த வண்டியின் பில் என்றே தெரியவில்லை. ஆர்டிஓ அனுமதிக்கும் சேர்த்து வாங்கிய பணத்துக்கு ஒரு விண்ணப்பம்கூடப் போடவில்லை, அலுவலகத்தில் நேரில் போய் விசாரித்துவிட்டேன்.

இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி ஆர்சியில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. எரிபொருள் வகையே மாறுகிற வேலைக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், உரிமையாளருக்கு. அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பதும் நம் வாசலில்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பதும் இந்த நம்பரைத்தான்.

பழைய இன்ஜின் கையில் இருந்திருந்தால் இதில் பாதிப் பிரச்சினை இல்லை. திரும்பப் பொருத்தி ஆர்சிப்படி பெட்ரோல் வண்டியாகவே ஓட்டியிருக்கலாம், பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி காட்டும்போதும் நம்பர் ஒத்துப்போகும். அதனால்தான் அது 'ஸ்கிராப்புக்கு' போயிருக்கிறது என்பது எனக்கு அப்புறம் புரிந்தது. ஒரிஜினல் நிலைக்கு ஜீப்பைக் கொண்டுவருகிறவர்கள் ஓடுகிற ஹரிக்கேன் இன்ஜினுக்கு நாயாய் அலைகிறார்கள், எடைக்குப் போடுகிற விலையை விடப் பல மடங்கு கொடுக்கத் தயார். ஒருபக்கம் எனக்குச் செத்த டீசல், இன்னொரு பக்கம் வேறொருவருக்கு என் உயிருள்ள பெட்ரோல். இரண்டு பக்கமும் லாபம். எனக்கு அந்த இன்ஜின் இப்போது இருக்கும் இடம்கூட ஓரளவு தெரியும், விற்பனை விளம்பரம் ஒன்றில் வந்த படத்தில் வாட்டர் பம்ப்பில் போல்ட் மாட்டும் காதில் அப்பா வைத்த பித்தளை வெல்டிங் பளிச்சென்று தெரிகிறது. விசாரிப்பதற்குள் விளம்பரத்தைத் தூக்கிவிட்டார்கள்.

இப்போது நிலவரம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டாயிற்று. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கோவைக்கு அலைய வேண்டியதில்லை, வேலைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, பிரச்சினை ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணிலும் முதலில் சொல்லிப் பார்க்கலாம், என் விஷயத்தில் கடைக்காரர் அதற்குப் பதிலே தரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கொம்பு: தோட்டத்துக்கு ஓடும் வண்டி என்றால் வணிக நோக்கம், ஆகவே நான் நுகர்வோரே இல்லையாம். சொந்தப் பிழைப்புக்குத் தானே உழைத்துப் பயன்படுத்துவது வணிகத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, அதை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நம்பர் ராவிய விஷயத்துக்குக் காவல் நிலையத்தில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன், ஏமாற்றுதலுக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 318. இன்ஜினை இறக்கிப் பெரியவர் பட்டறையில் ஆள் தொடாமல் மூடி வைத்திருக்கிறேன், வண்டி ஷெட்டில்.

நீங்கள் கொடுக்கப் போவதாக இருந்தால், ஆர்டிஓவில் ஒப்புதல் கிடைத்த பிறகு மட்டும் வண்டியை விடுங்கள், யார் என்ன சொன்னாலும் சரி. "எல்லாரும் இப்படித்தானுங்ணா ஓட்டறாங்க" என்று ஆரம்பித்தால் அங்கேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வாங்கப்போகும் இன்ஜினின் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வண்டியின் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். சம்ப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், சால்ஜாப்பு சொன்னால் வேண்டாம். பழைய இன்ஜினை அவர்கள் இறக்கும் அன்றைக்கே ஒரு குட்டி யானையைப் பேசி வீட்டுக்கு ஏற்றிவிடுங்கள், இரண்டாயிரம் வாடகை போனால் போகட்டும்.

கடைசியாக ஒன்று. சமீபத்தில் யாராவது ஹரிக்கேன் இன்ஜின் வாங்கியிருந்து, வாட்டர் பம்ப்பின் வலது காதில் கட்டைவிரல் நீளத்துக்குப் பித்தளை வெல்டிங் இருந்தால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். காசு கொடுத்து வாங்கியவரோடு எனக்குச் சண்டை இல்லை, இன்ஜினைத் திருப்பிக் கேட்டு வந்து நிற்கவும் மாட்டேன். பிளாக் நம்பரின் பென்சில் பதிவு ஒன்றும், யாரிடம் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்ற விவரமும் கிடைத்தால் ஆணையத்தில் அடுத்த வாய்தாவுக்கு அதுவே போதும்.