நோட்டா, செயலியா: முடியாத வேலை எங்கே போகிறது?

நான்கு வருடம் போன் செயலியில் வேலைப் பட்டியல் போட்டேன். கடந்த ஒன்றரை வருடமாகச் சாதாரணக் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். பகலில் அலுவலகம், இரவில் தொலைநிலைப் படிப்பு, இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான். என் ஓட்டு நோட்டுக்கு. அதனால் இங்கே முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். செயலி நேரத்துக்கு மணியடிக்கும், நோட்டு அடிக்காது. செயலியில் தேடலாம், நோட்டைப் புரட்ட வேண்டும். போன் தொலைந்தாலும் பட்டியல் தப்பிக்கும், நோட்டு தொலைந்தால் போச்சு. ஆனால் ஒரு வரி எழுதப் போனைத் திறந்தவர் அரை மணி கழித்து வேறெங்கோ இருப்பார்; நோட்டில் அந்த ஆபத்து இல்லை.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது இவை எதுவும் இல்லை. இன்றைக்கு முடியாத வேலை நாளைக்கு எப்படிப் போகிறது என்பதுதான்.

செயலியில் அது மிகச் சுலபம். தேதி தாண்டியவை எல்லாம் சிவப்பில் வரிசையாக நிற்கும், ஒரே தட்டலில் அத்தனையையும் இன்றைக்கு மாற்றிவிடலாம். நானும் தினமும் காலையில் மாற்றினேன். ஒரு கட்டத்தில் பட்டியலில் 140 வேலைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ‘மூன்றாம் பாடத்துக்குக் குறிப்பு எடு’ என்ற வரியை எத்தனை முறை தள்ளினேனோ, அந்தப் பாடத்தின் தேர்வை எழுதி முடித்த பிறகும் அது அங்கேயே இருந்தது. செயலியைக் குறை சொல்ல மாட்டேன். தள்ளச் சொன்னேன், தள்ளியது.

நோட்டில் தள்ளுவதற்குக் கை வலிக்க வேண்டும். இரவில் அடுத்த பக்கத்தைத் திறந்து, முடியாத ஒவ்வொரு வேலையையும் மறுபடி எழுதுகிறேன். முதல் முறை ஒன்றும் தோன்றாது. மூன்றாவது முறை அதே வரியை எழுதும்போது எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் எனக்கு வேண்டியது. அப்போதுதான் ‘இதை உண்மையில் செய்யப் போகிறேனா?’ என்று கேட்கத் தோன்றுகிறது. சில வேலைகளை எழுதும் நேரத்துக்குச் செய்தே முடித்துவிடலாம். சிலவற்றை அடித்துவிடுகிறேன். மிச்சம் பெரும்பாலும் தப்பாக எழுதப்பட்டவை: ‘ப்ராஜெக்ட் ரிப்போர்ட்’ என்று நான்கு நாள் இழுத்தது, ‘இரண்டாம் அத்தியாயத்தின் அட்டவணையை மட்டும் போடு’ என்று மாறியதும் மறுநாளே முடிந்தது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ரைடர் கரோல் என்ற வடிவமைப்பாளர் 2013இல் இணையத்தில் வெளியிட்ட, நோட்டில் சிறு குறிகளோடு வேலைப் பட்டியல் எழுதும் புல்லட் ஜர்னல் முறையின் உயிர்நாடியே இப்படிக் கையால் மறுபடி எழுதுவதுதான். முடிந்ததற்குப் பெருக்கல் குறி, தள்ளிப்போனதற்கு அம்புமுனை, அவ்வளவு எளிமையானது. சிறு வயதிலிருந்தே கவனக் குறைபாட்டோடு போராடியவர் தனக்காக உருவாக்கிக்கொண்டது அது. அப்புறம் அதன் பெயரில் வண்ணப் பேனாவும் பூ வேலைப்பாடுமாக வருகிற பக்கங்களைப் பார்த்து மிரள வேண்டாம். என் நோட்டைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வராது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓரத்தில் எழுதி, முடிந்ததும் உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதுகிறேன். முன்பு அதிக நேரம் ஆனது தெரிந்திருந்தும் அடுத்த முறை குறைவாகவே கணக்குப் போடும் இந்தப் பழக்கத்தை கானமேன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். நான் ஒரு மணி என்று எழுதும் படிப்பு வேலை பெரும்பாலும் இரண்டு மணி ஆகிறது. செயலியிலும் இப்படிக் குறிக்கலாம்தான், நான் ஒருநாளும் குறித்ததில்லை.

நாட்காட்டியில் மணிக்கணக்காகக் கட்டம் போட்டு வைப்பதையும் இரண்டு மாதம் முயன்றேன். ஒரு மீட்டிங் நீண்டால் மாலை வரை எல்லாக் கட்டமும் சரிந்துவிடும். தன் நேரம் தன் கையில் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். எனக்கு இல்லை. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமோடோரோவைப் போட்டியில் சேர்க்கவில்லை, அது எந்தப் பட்டியலோடும் ஒட்டிக்கொள்ளும்.

சரி, செயலி தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: திரும்பத் திரும்ப வரும் வேலை. மாதக் கடைசி அறிக்கை, கட்டணம் கட்டக் கடைசி நாள் போன்றவற்றை நோட்டில் வைத்து ஒரு முறை கோட்டை விட்டேன். அவை இப்போது போனில்தான் இருக்கின்றன. பலர் சேர்ந்து ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டிய வேலையிலும் நோட்டு உதவாது என்றே நினைக்கிறேன். ஆனால் நான் அப்படி வேலை செய்தது ஒரே ஒரு சின்ன ப்ராஜெக்டில், அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியாது.

பராமரிப்பு என்று பார்த்தால் நோட்டுக்கு இரவில் பத்து நிமிடம் போகும். தேர்வு வாரத்தில் அந்தப் பத்து நிமிடமும் கிடைக்காமல் ஏழெட்டு நாள் விட்டிருக்கிறேன். திரும்பி வந்தபோது சிவப்பு எழுத்து எதுவும் காத்திருக்கவில்லை. வெற்றுப் பக்கத்தில் தேதி போட்டு, பழைய பக்கத்திலிருந்து நான்கே வரியை எடுத்து எழுதினேன்.