படிவத்தில் இருந்த ஒரு ‘இல்லை’: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் பயணக் காப்பீடு எடுப்போர் கவனத்திற்கு

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துப் பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு கிளம்பும் பெற்றோரும், அவர்களுக்குக் காப்பீடு எடுத்துக்கொடுக்கும் பிள்ளைகளும் இந்தப் பதிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயரில் வேறொருவர் நிரப்பிய படிவத்தில் இருந்த ஒரு ‘இல்லை’ என்ற சொல்லால், மூன்று நாள் மருத்துவமனைச் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது.

நான் திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2022 பிப்ரவரியில் இடது மார்பகத்திலும் அக்குளிலும் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு எட்டு முறை கீமோ, பதினைந்து நாள் ரேடியேஷன். அன்றிலிருந்து இன்றுவரை தினமும், நோய் திரும்பாமல் தடுக்கும் ஒரு லெட்ரசோல் மாத்திரை. 2024 ஆகஸ்டில் மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவிலுள்ள டல்லாஸ் போக வேண்டியிருந்தது. மருத்துவர் பரிசோதித்து, பயணத்துக்குத் தடையில்லை என்று எழுதிக்கொடுத்தார்.

எங்கள் குடும்பத்தின் மற்றப் பாலிசிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் முகவரிடமே பயணக் காப்பீட்டுக்கும் சொன்னோம். நான் எதையும் மறைக்கவில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் மருத்துவரின் கடிதத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதையெல்லாம் சொல்லித்தானே பாலிசி எடுக்க வேண்டும் என்று கேட்டேன். “ட்ரீட்மென்ட்தான் முடிஞ்சிருச்சே டீச்சர், அதையெல்லாம் போட்டா பாலிசியே வராது, நான் பாத்துக்கறேன்” என்று பதில் வந்தது. கால் மணி நேரத்தில் என் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன். ஒரு லட்சம் டாலருக்கான பாலிசி, பிரீமியம் 11,640 ரூபாய். மின்னஞ்சலில் வந்த முப்பது பக்கக் கோப்பில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

டல்லாஸில் ஐந்தாவது வாரம், தேங்காய் துருவும்போது இடது கைச் சுட்டுவிரலில் சிறு கீறல். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் சிறு காயம்கூடப் பெரிய தொற்றாக மாறக்கூடும் என்பதை எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்தும் தடவினேன். மறுநாள் மாலை விரலிலிருந்து முழங்கைவரை கை சிவந்து, தோல் பளபளவென்று இழுபட்டு, வளையலைக் கழற்ற முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. குளிரில் பல் கிட்டியது. காய்ச்சல் 103 டிகிரி. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். செல்லுலைட்டிஸ் என்ற தோல்தொற்று இரத்தத்தில் பரவும் அபாயம் இருப்பதாகச் சொல்லி, மூன்று இரவுகள் வைத்திருந்து இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கை தேறியது. பில் 27,400 டாலர்.

காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு மகன் முதல் இரவே பேசியிருந்தான். கேஷ்லெஸ் வசதி கிடையாது, பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கோருங்கள் என்றார்கள். கோரினோம். ஏழு வாரம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. பாலிசிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தில் நோய் விவரத்தை மறைத்தது ஒன்று. ஏற்கெனவே இருந்த நோயின் விளைவாக இந்தத் தொற்று வந்தது என்பது மற்றொன்று. டல்லாஸ் மருத்துவர் தம் குறிப்பின் முதல் வரியிலேயே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்று எழுதியிருந்தார். அதை அப்படியே மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

அதன் பிறகுதான் அந்தக் கோப்பைத் திறந்து படிவத்தைத் தேடினேன். இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தது. புற்றுநோய் இருந்ததா? இல்லை. கடந்த நான்கு ஆண்டுகளில் அறுவை சிகிச்சை நடந்ததா? இல்லை. தற்போது ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா? இல்லை. கீழே, விண்ணப்பதாரர் ஓ.டி.பி. மூலம் உறுதி செய்தார் என்று நாள், நேரம், நிமிடத்தோடு பதிவாகியிருந்தது. முப்பது ஆண்டு பிள்ளைகளின் விடைத்தாள் திருத்திய நான், என் பெயரில் போன தாளைப் படிக்காமலேயே ஒப்புதல் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. முகவரைக் கேட்டபோது, எல்லோருக்கும் அப்படித்தான் போடுவது வழக்கம், யாருக்கும் பிரச்சினை வந்ததில்லை என்றார். இது அலட்சியம் மட்டுமன்று. கமிஷனுக்காக ஒரு நோயாளியைக் காப்பில்லாமல் கடல் கடந்து அனுப்பிய மோசடி என்றே நான் கருதுகிறேன்.

‘சிகிச்சை முடிந்துவிட்டது’ என்று நாம் வீட்டில் சொல்வதற்கும் காப்பீட்டுப் படிவம் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நம்மைப் பொறுத்தவரை கடைசி ரேடியேஷனோடு சிகிச்சை முடிந்தது. ஆனால் லெட்ரசோல், டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளை ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ சாப்பிடுகிறோம்; படிவத்தின் கணக்கில் அது தொடரும் சிகிச்சை. ஆண்டுக்கொரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துப் பார்ப்பதைக்கூடச் சில நிறுவனங்கள் கேட்கின்றன. போதாக்குறைக்கு, டமாக்சிஃபென் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும் மருந்து; பதினாறு, பதினெட்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தால் அந்த ஆபத்து மேலும் கூடும். காலில் இரத்தக்கட்டு ஏற்பட்டு மருத்துவமனைக்குப் போனால், அதையும் பழைய நோயோடு முடிச்சுப் போட நிறுவனத்துக்கு வழி இருக்கிறது.

உண்மையைச் சொல்லி எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் பணம் வந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் நாட்டில் விற்கப்படும் பயணக் காப்பீடுகள் பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய்க்கான செலவு விலக்கப்பட்டிருக்கும். உயிருக்கு ஆபத்தான நிலையில், நோயாளியின் நிலை சீராகும்வரை மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் சில பாலிசிகள் தருகின்றன. அமெரிக்க நிறுவனங்கள் பார்வையாளர்களுக்கு விற்கும் திட்டங்களில், பழைய நோய் திடீரெனத் தீவிரமானால் காப்பு உண்டு என்று விளம்பரம் இருக்கும். ஆனால் பல திட்டங்களின் உள்விதிகளில் புற்றுநோய் அதற்குள் வராது. படிப்படியாக மோசமாகும் எந்த நோயும் வராது. அப்படியானால் உண்மையைச் சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தாலோ, உணவு நஞ்சானாலோ, நோயை மறைத்தீர்கள் என்று சொல்லி அந்தக் கோரிக்கையையும் மறுக்க முடியாமல் போகும்; அதுதான் பயன்.

உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 6 அன்று அளித்த ஒரு தீர்ப்பு இங்கே நினைவில் வைக்கத்தக்கது. பயணக் காப்பீட்டோடு அமெரிக்கா சென்றவருக்கு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு வந்தது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கோரிக்கையை மறுத்தார்கள். அந்த மாத்திரை நீரிழிவுக்காரர்களுக்குத் தடுப்பாகவும் கொடுக்கப்படுவது; அவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தே பாலிசி கொடுத்த பின் அதைக் காட்டி மறுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அவருடைய நோய் நிறுவனத்தின் தாள்களில் இருந்தது. என்னுடையது இல்லை.

மருத்துவமனைப் பணத்தைப் பொறுத்தவரை, எங்களுக்கு ஓரளவு கைகொடுத்தது அங்கிருந்த விதிதான். அமெரிக்காவில் லாபநோக்கற்ற மருத்துவமனைகள் எழுத்துமூலமான நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள்வரை விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். வரிவரியான பில்லைக் கேட்டு வாங்கி, என் ஓய்வூதியச் சான்றோடு மகன் விண்ணப்பித்தான். தொகை 9,800 டாலராகக் குறைந்தது. அதை மாதத் தவணையில் கட்டிவருகிறான். கேட்காமல் இருந்திருந்தால் முழுத் தொகையையும் கட்டியிருப்போம்.

இங்கே முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் முறையிட்டேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்புட்ஸ்மன்) அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. என் மனு அங்கே இருக்கிறது, விசாரணை நாள் இன்னும் வரவில்லை. நான் நோயை மறைக்கவில்லை என்பதற்கு என்னிடமுள்ள ஒரே சான்று, முகவருக்குப் படங்களை அனுப்பிய அந்த வாட்ஸ்அப் உரையாடல்தான். கைப்பேசியை மாற்றியபோது பழையவற்றை அழித்துவிடலாமா என்று பேரன் கேட்டான். ஏதோ நினைப்பில் வேண்டாம் என்றேன்.

இப்போது காப்பீடு எடுக்கப்போகிறவர்கள், முகவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், நிரப்பிய படிவத்தை முதலில் அனுப்பச் சொல்லி ஒவ்வொரு கேள்வியாகப் படித்த பிறகே ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள். மருத்துவ ஆவணங்களை முகவரின் கைப்பேசிக்கு மட்டும் அனுப்பாமல் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்குங்கள். பாலிசி வந்ததும், கிளம்புவதற்கு முன்பே, உங்கள் பெயரில் எந்தப் பக்கத்தில் என்ன பதில் பதிவாகியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்தித் தரச் சொல்லி அன்றே எழுதுங்கள்.