போடிமெட்டு ஏற்றத்தில் பாதி வரை ஒரு வண்டி, அதற்கு மேல் ஜீப்

மஸ்கட்டிலிருந்து இந்தத் தடவை ஊருக்கு வந்தபோது அம்மா ஒன்றுதான் கேட்டார். கொழுக்குமலைக்குக் கூட்டிப் போ என்றார். போடியில் பிறந்து வளர்ந்தவர். இருபது வருஷம் கேரளத்தில் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவர். விடியுமுன் ஜீப்பில் ஏறி, இருட்டும்போது அதே ஜீப்பில் வந்து இறங்குவார். அப்படி மலை ஏறி இறங்கியவருக்கு மலையைச் சும்மா பார்க்கப் போக ஒரு நாள் கிடைத்ததில்லை.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போவதென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, சூரியநெல்லி வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். குரங்கணியிலிருந்து நேராக ஏறுவது நடைபாதை. அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்றதோடு போன ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்ப வந்தது. சென்னையில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் போடி. வாரத்தில் மூன்று நாள்தான். இருந்தாலும், பஸ் மாறி மாறி வந்த காலத்தை நினைத்தால் மனசு நிறைகிறது.

மலைப் பயணத்துக்கு மதுரையில் ஒரு வாடகை நிறுவனத்திடம் டிரைவரோடு பெரிய டீசல் எஸ்யூவி எடுத்திருந்தேன். மலையடிவாரத்தில் முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பதினொன்றாவது வளைவில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. ஓரமாக நிறுத்தினோம்.

வண்டிப் பராமரிப்புதான் எனக்கு வேலை. என்ன நடந்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். அப்போது இன்ஜின் கெடாமல் இருக்க கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடும். வடிகட்டி அவசியமானதுதான், நாம் மூச்சு விடுகிற காற்றுக்காக வைத்தது. என் கோபமெல்லாம் நிறுவனத்தின் மேல்தான். அந்த டிரைவர் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ரெண்டு நாளா லைட் எரியுது சார். ஆபீஸ்ல சொன்னேன். இந்த டிரிப்ப முடிச்சிட்டு வான்னாங்க.” மாற்று வண்டி மதுரையிலிருந்து வர வேண்டும், மூன்று மணி நேரமாவது ஆகும் என்றார்கள். எழுபது வயது அம்மாவும் ஒன்பது வயது மகளும் வளைவோரத்தில் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. தோட்டத்தில் ஆட்களை விட்டுவிட்டு வரும் பழைய மஹிந்திரா கமாண்டர். கை காட்டாமலே நின்றது. ஓட்டுபவருக்கு அறுபது வயது இருக்கும். அம்மாவைப் பார்த்ததும், “நீங்க பூப்பாறை வண்டியில வருவீங்கள்ல?” என்றார். வேறெதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. வண்டியைத் திருப்பி எங்களை ஏற்றிக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வம்சம் அது. 1940களின் இறுதியில் மஹிந்திரா உரிமம் வாங்கி பம்பாயில் பூட்ட ஆரம்பித்த வண்டியிலிருந்து வந்தது. அடியில் ஏணி போன்ற சேஸிஸ், அதன் மேல் பாடி, பட்டை ஸ்பிரிங், கம்ப்யூட்டர் இல்லாத டீசல் இன்ஜின். இன்ஜினுக்கு டீசல் வரும் குழாயில் காற்றுப் பிடித்துக்கொண்டால் ஒரு ஸ்பானரை வைத்து ஏர் எடுத்துவிடலாம். சீட்டுக்கு அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் அண்ணே என்று கேட்டேன். தூக்கிக் காட்டினார். ஃபேன் பெல்ட் ஒன்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுக்குப் போடும் கிராஸ் ஒன்று, பட்டை ஸ்பிரிங்குக்குப் போடும் சென்டர் போல்ட் இரண்டு, கட்டுக்கம்பி ஒரு சுருள். “நின்ன எடத்துலயே சரி பண்ண முடியணும் தம்பி. அதுதான் மலைக்கு வண்டி” என்றார்.

பதினான்கு வருஷம் டொயோட்டா லேண்ட் குரூசர்களோடு புழங்கிய எனக்கு அது புரிந்தது. ஓமானில் ஜபல் அக்தர் ஏறும் பாதையில் போலீஸ் சோதனைச் சாவடி இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியை மட்டும்தான் மேலே விடுவார்கள். அங்கே தார்ச்சாலைக்கே அந்தக் கட்டுப்பாடு. சூரியநெல்லிக்கு மேலே போனால் சாலையே கிடையாது, வெறும் கல்தான்.

இரவு சூரியநெல்லியில் தங்கிவிட்டு, காலை நான்கு மணிக்கு உள்ளூர் ஜீப்பில் கிளம்பினோம். கட்டணம் ஜீப்புக்கு இவ்வளவு என்று, ஆறு பேர் போகலாம். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், சொன்ன காசுக்கு மேல் கேட்கவில்லை. எந்த ஊரிலும் இதைவிடச் சேவை என்ன வேண்டும்?

அந்த டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு போனேன். கட்டை விரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே விடவேயில்லை, வெளியில் வளையத்தின் மேல் படுக்க வைத்திருந்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. முன்சக்கரம் கல்லில் இடித்தால் ஸ்டியரிங் வெடுக்கென்று சுழலும், உள்ளே விரல் இருந்தால் முறிந்துவிடும். இறக்கத்தில் லோ கியரில் போட்டுவிட்டு கிளட்சை மிதிக்காமல் விட்டார். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறக்கியது. மேலே போய் நின்றதும் முதல் காரியமாக நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பேரிங் சூடேறினால் அங்கேதான் தெரியும். என் மகளிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னார்: “பாப்பா, பேசாம வா. நாக்கக் கடிச்சிக்கிருவ.”

ஏறக்குறைய 8,000 அடி உயரம். உலகத்தின் உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. மேகத்துக்கு மேலே சூரியன் வந்து, பிறகு மேகம் விலகியபோது கீழே குரங்கணிப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் எங்கள் ஊர்ப் பக்கமும் தெரிந்தன. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அங்கிருந்துதான் வருவோம்” என்று வளைவுச் சாலை இருக்கும் திசையைக் காட்டினார்.

ஊருக்குத் திரும்பினால் சித்தப்பா பேரன் வாசலில் புது மஹிந்திரா தார் ஜீப்பை நிறுத்தியிருந்தான். போடியில் இப்போது இளவட்டங்களுக்கெல்லாம் தார் ஆசைதான். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஏர்பேக் இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது, பழைய ஜீப் மாதிரி முதுகை உடைக்காது. ஆனால் 2023 ஜனவரி முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் விற்கிறார்கள். பார்வைக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். மலைக்கென்று வாங்குகிறவர்கள் கியர் ராடுக்குப் பக்கத்தில் நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் இன்னொரு சின்ன லிவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவன் வண்டியில் இருந்தது.

மறுநாள் விடியுமுன் எழுந்து, தோட்டத்து ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் போனேன். பெண்கள் தூக்குச்சட்டியோடு வந்து ஏறினார்கள். பின்னால் இருக்கிற இரண்டு நீளச் சீட்டில் எத்தனை பேர் நெருக்கி உட்கார முடியுமோ அத்தனை பேர். அம்மா காலத்திலும் இப்படித்தான். இந்த ஜீப்புகள் இல்லாவிட்டால் ஏலத்தோட்டத்து வேலையே நடக்காது. போடியின் ஏலக்காய் வியாபாரம் இவர்கள் ஏறி இறங்குவதால்தான் ஓடுகிறது. இவ்வளவு உறுதியான வண்டியாக இருந்தாலும் சீட் பெல்ட் கிடையாது, கவிழ்ந்தால் தாங்க மேலே படுதாவும் கம்பியும்தான். சூரியநெல்லியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஆறு பேர் என்று கணக்கு வைக்க முடிகிறதென்றால், வேலைக்குப் போகிற பெண்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும். கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்துதான் அதைச் செய்ய முடியும்.

எங்களை ஏற்றிய அண்ணன் வண்டியும் நின்றிருந்தது. குனிந்து பார்த்தேன். நான்கு டயரும் மொட்டை. அவரிடம் சொன்னேன். “தெரியும் தம்பி. காய் எடுப்பு முடியட்டும்” என்றார். மழைக்காலம் அண்ணே, அதுவரைக்கும் தாங்காது என்றேன். கையில் கொஞ்சம் பணம் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார். அம்மா சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி போய்ப் பார்த்தேன். பின்பக்கம் இரண்டும் புது டயர். முன்பக்கம் இன்னும் மாற்றவில்லை.