ஊரை மாற்றுவதா, ஜூரியைச் சலிப்பதா?

ஒரு குற்றத்தால் ஊரே துக்கத்தில் இருக்கும்போது, வழக்கில் தீர்ப்புச் சொல்ல நடுநிலையான ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழுவினர், அங்கே கிடைப்பார்களா? அமெரிக்கா இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டது.

1995 ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பில் 168 பேர் இறந்தார்கள். நீதிபதி ரிச்சர்ட் மாட்ச் வழக்கை வேறு மாநிலத்திலுள்ள டென்வர் நகருக்கு மாற்றினார். உறவுகளைப் பறிகொடுத்த பலர் விசாரணையைச் சொந்த ஊரில் திரையில்தான் பார்க்க முடிந்தது. அது பெரிய இழப்பு.

2013 பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் நடந்த குண்டுவெடிப்பு வழக்கோ அந்த ஊரிலேயே நடந்தது. ஜூரிக்காக அழைக்கப்பட்ட 1,373 பேருக்கு 100 கேள்விப் படிவம், பிறகு மூன்று வாரம் நேர்விசாரணை. ஆனால், இந்த வழக்கைப் பற்றி என்னென்ன செய்திகள் பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க நீதிபதி மறுத்தார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றவாளியின் மரண தண்டனையை ரத்து செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2022இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்தத் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது.

என் மனம் டென்வர் பக்கம்தான். கொலையாளியைத் தேடிய நாளில் பாஸ்டன் மக்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். அவர்களிடமிருந்தா ஜூரியைப் பொறுக்குவது?