வாயாடியா, வாய் திறக்காதவனா?

ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை முடித்த கையோடு இரண்டு பிரெஞ்சு நாவல்களுக்கு நடுவே நின்றேன். ஒன்று காம்யுவின் ‘லா ஷூத்’ (1956). மற்றது அடுத்த ஆண்டு வந்த அலென் ரோப்-கிரியேயின் ‘லா ஜலூசி’. இரண்டிலும் கதைசொல்லியை நம்ப முடியாது. ஒருவன் பேசிப் பேசி மறைகிறான், இன்னொருவன் ‘நான்’ என்றே சொல்வதில்லை.

‘லா ஷூத்’தில் நுழைவது சுலபம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மதுக்கடை. பாரிஸில் வக்கீலாக இருந்த கிளமான்ஸ் நம்மைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் பேசுகிறான். இரவில் ஒரு பெண் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்த சத்தம் கேட்டும் நடந்து போனதை ஒப்புக்கொள்கிறான். பாவமன்னிப்பு மாதிரி இருக்கும், ஆனால் தூண்டில். அவன் தன்னைத் திட்டிக்கொள்வதே நாமும் நம்மைத் திட்டிக்கொள்ளத்தான். கடைசியில் அதையும் அவனே சொல்லிவிடுகிறான். எனக்குக் குறை அங்கேதான்: கண்டுபிடிக்க எதையும் மிச்சம் வைப்பதில்லை.

‘லா ஜலூசி’ அப்படி உதவாது. ஒரு வாழைத்தோட்டம், வராந்தா, ‘ஏ...’ என்று மட்டும் குறிக்கப்படும் மனைவி, அடிக்கடி வரும் பக்கத்துத் தோட்டக்காரன் பிராங்க். கதையைச் சொல்லும் கணவன் எங்கே? நாற்காலிகளை எண்ணினால் ஒன்று கூடுதலாக இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் தட்டும் அப்படியே. ஐஸ் கொண்டுவரச் சொல்ல யாரோ உள்ளே போகிறார்கள். போனால், ஐஸ் கொண்டுவரும்படி எஜமானியம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டதாக வேலைக்காரப் பையன் சொல்கிறான். ‘என்னை எழுப்பி அனுப்பினாளா?’ என்ற கேள்வி புத்தகத்தில் இல்லை, நம் வயிற்றில்தான் புரள்கிறது.

வாழை வரிசைகளை எண்ணும் பக்கங்கள் அலுப்பூட்டும், ஒளிக்க வேண்டாம். ரோப்-கிரியே வேளாண் பொறியாளர், வாழைத்தோட்டம் அவருக்குத் தொழில். ஆனால் அந்தக் கணக்கும் மனைவி பக்கம் போகும் நினைப்பைக் கட்டிப்போடத்தான் என்று எனக்குப் படுகிறது. பிராங்க் சுவரில் நசுக்கும் பூரானைப் பாருங்கள். காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு முறை கையில் இருப்பது சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் துணி, வேறொரு முறை குளியல் துண்டு. பிரெஞ்சில் இரண்டுக்கும் ‘செர்வியெத்’ என்ற ஒரே சொல். சாப்பாட்டு அறை எப்போது படுக்கையறை ஆனது என்று நாம்தான் பக்கம் புரட்டித் தேட வேண்டும்.

தமிழில் கொண்டுவருவது பெரும்பாடு. ‘ஜலூசி’ என்றால் பொறாமை, சாய்சட்டங்கள் வைத்த ஜன்னல் மறைப்பும்கூட. தமிழ்த் தலைப்பு எதையாவது ஒன்றை இழந்தே தீரும். அதைவிடச் சிக்கல் வினைமுற்று: ‘பார்த்தேன்’ என்று எழுதினால் ஆள் அகப்பட்டுவிடுவான். ‘தெரிகிறது’, ‘கேட்கிறது’ என்றே கடைசிவரை ஓட்ட வேண்டும்.

ரயிலில் படிக்க ‘லா ஷூத்’ போதும். ‘லா ஜலூசி’க்கு ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், வராந்தா நாற்காலிகளை வரைந்துகொள்ள. அப்புறம், சுவரில் இருந்த பூரான் கறை ரப்பரால் அழிக்கப்படும் இடம் வரும்போது, அந்த ரப்பர் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.