புளுஒக்சிட்டினா க்ளோமிப்ரமினா? ரெண்டும் குடிச்ச அனுபவம்
கதவு பூட்டினனானோ எண்டு உப்புவெளியில பாதி ரோட்டில இருந்து திரும்பி வந்து பாக்கிற ஆள் நான், ஓசிடி (ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய்) எண்டு டொக்டர் சொல்லி முதல் தந்தது புளுஒக்சிட்டின் 20 மில்லிகிராம்.

முதல் ரெண்டு கிழமை வயித்துப் பிரட்டல், இரவில கண்ணுறக்கமே இல்ல, பிறகு குளிசைய காலமைக்கு மாத்தினதும் நித்திரை வந்திச்சு. ஓசிடிக்கு 60 வரைக்கும் கூட்டுவினம், முழுப்பலன் தெரிய 10, 12 கிழமை போகும், அதுக்குள்ள வேலை செய்யேல்ல எண்டு விட்டுடாதேங்கோ. தாம்பத்திய ஆசையும் குறையலாம், வெக்கப்படாம டொக்டரிட்ட சொல்லுங்கோ.

க்ளோமிப்ரமின் பழைய ஆள். அமெரிக்காவில ஓசிடிக்கெண்டு 1989இலயே அனுமதி கிடைச்சது, புளுஒக்சிட்டினுக்கு 1994இலதான். கெட்டிக்காரக் குளிசைதான், ஆனா கரைச்சலும் கூட. வாய் காஞ்சு நாக்கு அண்ணத்தில ஒட்டும், மலச்சிக்கல், எழும்பினா தலைசுத்து, நிறையும் ஏறும். வேர்வை வேற, திருகோணமலை வெயிலில சேட்டைப் பிழியலாம். கோட்டைப் பக்கம் திரியிற மானுகளுக்குக் கிட்ட நிண்டே தண்ணிப் போத்தல முடிச்சனான். இதயத்தையும் பாதிக்கக்கூடியதால ஈசிஜி எடுக்கச் சொல்லுவினம், நாளுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, கூடினா வலிப்பு வரலாம்.

எனக்கெண்டா முதல் புளுஒக்சிட்டின்தான், அது சரிவராட்டி மற்றது. ரெண்டையும் நீங்களாச் சேத்துக் குடிக்காதேங்கோ, புளுஒக்சிட்டின் மற்றதின்ர அளவ ரத்தத்தில ஏத்திப்போடும்.